மலை ரயிலும் மரியோத்தின் குழாயும்

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறும்போது ஒரு வறுவல் பொட்டலம் வாங்கிப் பையில் வையுங்கள். பிரித்துவிடாதீர்கள். 46 கிலோமீட்டர் பயணம் முடிந்து உதகமண்டலத்தில் இறங்கியதும் எடுத்துப் பாருங்கள். தொளதொளவென்று இருந்த பொட்டலம் தலையணைபோல் உப்பியிருக்கும். வழியில் யாரும் அதற்குள் காற்றை ஊதவில்லை. பின் ஏன் உப்பியது?

"பாயில் விதி" என்று நீங்கள் உடனே சொல்லலாம். சரியான விடைதான். ஆனால் பிரான்சு நாட்டில் இவ்விதி நெடுங்காலம் 'மரியோத் விதி' என்றே வழங்கிவந்தது. யார் இந்த மரியோத்?

எட்ம் மரியோத் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். திஜோன் நகரை அடுத்த பகுதியில் ஒரு சிறு மடத்தின் தலைவர். பாரிசில் 1666-இல் அறிவியல் கழகம் தோன்றியபோது அதன் தொடக்கால உறுப்பினர்களில் ஒருவரானார். நம் கண்ணில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு என்று கண்டு சொன்னவரும் இவரே. 1684-இல் பாரிசில் காலமானார்.

காற்றைப் பற்றிய இவரது நூல் 1679-இல் வெளிவந்தது. அதிலுள்ள சோதனையைப் பாருங்கள். ஒரு முனை மூடிய 40 அங்குலக் கண்ணாடிக் குழாய். அதில் 27½ அங்குலம் பாதரசம் ஊற்றினார். மீதி 12½ அங்குலம் காற்று. வாயை விரலால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்து, பாதரசக் கிண்ணத்தில் ஓர் அங்குலம் அமிழ்த்தி, விரலை எடுத்தார். பாதரசம் இறங்கி 14 அங்குலத்தில் நின்றது. மேலே இருந்த காற்று 25 அங்குலமாக விரிந்துவிட்டது.

வெளிக்காற்று 28 அங்குலப் பாதரசத்தைத் தாங்கக்கூடியது. அதில் 14 அங்குலத்தைக் குழாயிலுள்ள பாதரசமே எடுத்துக்கொண்டது. ஆகவே அடைபட்ட காற்றின் அழுத்தம் மீதி 14 அங்குலம், அதாவது பாதி. காற்றின் கன அளவோ 12½-இலிருந்து 25, அதாவது இரு மடங்கு. அழுத்தம் பாதியானால் கன அளவு இரட்டிக்கிறது!

இங்கிலாந்தின் பாயில் இதனை 1662-லேயே வெளியிட்டுவிட்டார். ஆகவே பெயர் அவருக்குப் போனதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்த விதியைக் கொண்டு, உயரே போகப்போகப் பாதரசம் எவ்வளவு இறங்கும் என்று கணக்கிட முயன்றாரே, அதற்காகவாவது மரியோத்தை நாம் நினைக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் சுமார் 73 செ.மீ. நிற்கும் பாதரசம், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் சுமார் 58 செ.மீ. தான் நிற்கும். இடையிலுள்ள காற்றைக் கீழே விட்டுவிட்டு வந்துவிட்டோம் அல்லவா! 73-ஐ 58-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1¼. பொட்டலத்துக் காற்று அந்த அளவு விரியப் பார்க்கும். மலைக் குளிர் அதைச் சற்றுச் சுருக்கும். உறையும் ஓரளவு தடுக்கும். அதே அழுத்தக் குறைவால்தான் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது; திறந்த பானையில் பருப்பு வேக நேரமாகிறது.

மரியோத்தின் இன்னொரு கணக்கு நீலகிரிக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமானது. மழையில்லாத மாதங்களிலும் மலைச் சரிவில் ஊற்று ஓடுகிறதே, அந்த நீர் எங்கிருந்து வருகிறது? கடல்நீர் நிலத்தடி வழியாக மலைக்கு ஏறி, உப்பு நீங்கி வெளிவருகிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினர். மழை மண்ணை மேலாக நனைப்பதோடு சரி, ஆறுகளுக்கு அது எப்படிப் போதும் என்பது அவர்கள் வாதம்.

மரியோத் வாதாடவில்லை, அளந்தார். மிதவை விட்டு சேன் ஆற்றின் வேகத்தைக் கண்டு, பாரிசு வழியே ஓராண்டில் ஓடும் நீரைக் கணக்கிட்டார். அந்த ஆற்றுப் படுகையில் பெய்யும் மழையோடு ஒப்பிட்டபோது, ஆற்று நீர் அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பியர் பெரோ என்பவரும் 1674-இல் இத்தகைய முடிவையே சொல்லியிருந்தார். பாரிசு வானாய்வகத்தின் நிலவறைகளில் சொட்டும் நீரையும் மரியோத் கவனித்தார். மழைக்கு ஏற்ப அது கூடியது, குறைந்தது.

பவானிக்கும் மோயாற்றுக்கும் நீர் தரும் நீலகிரிச் சரிவுகளிலும் நடப்பது இதுதான். புல்வெளியிலும் சோலைக்காட்டிலும் சதுப்பு நிலத்திலும் இறங்கும் மழை, மெல்லக் கசிந்து கோடையில் ஊற்றாகிறது. சதுப்பை மேடாக்கிச் சரிவைச் சிமெண்டால் மூடினால் அதே மழை சில மணி நேரத்தில் வழிந்தோடிவிடும். மழையளவு குறையாமலேயே ஊற்று வற்றலாம்.

உங்கள் வீட்டருகே ஊற்று இருந்தால் வாரம் ஒருமுறை ஒரு குடம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்து வாருங்கள். தேயிலைத் தோட்ட அலுவலகங்களில் மழையளவை எழுதிவைக்கும் வழக்கம் உண்டு, கேட்டுப் பாருங்கள். இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால், மழை நின்று எத்தனை நாளுக்குப் பிறகு உங்கள் ஊற்று மெலிகிறது என்பது தெரிந்துவிடும்.