மூளைச்சாவிலிருந்து மீள முடியுமா?

1995 பிப்ரவரி 4 அன்று மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் அது செல்லுபடியாகவில்லை. அந்தமானில், போர்ட் பிளேயரின் லம்பா லைன் பகுதியில் செல்லுபடியானது. கோவா, இமாச்சலப் பிரதேசம், மகாராஷ்டிரா ஆகிய மூன்று மாநிலங்களோடு எல்லா யூனியன் பிரதேசங்களுக்கும் முதல் நாளிலிருந்தே அது பொருந்தியது. இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டார் என்று அறிவிக்க இந்தியாவில் வழிசெய்த சட்டம் அது.

துடிக்கும் இதயத்தோடு சாவு எப்படி? தலையில் பலத்த அடிபட்டால் மூளை வீங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த அழுத்தத்தையே மிஞ்சிவிட்டால் மூளைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். மூச்சை இயக்கும் மூளைத்தண்டும் அதோடு அழியும். இதுதான் மூளைச்சாவு. இதயத்துக்கோ மூளையின் உத்தரவு தேவையில்லை. துடிப்பை உண்டாக்கும் திசு அதற்குள்ளேயே இருக்கிறது. வென்டிலேட்டர் காற்றைச் செலுத்தும்வரை நெஞ்சு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும், சிறுநீர்கூடப் பிரியும். பக்கத்தில் நிற்கும் தாயால் பிள்ளை போய்விட்டான் என்பதை எப்படி ஏற்க முடியும்? அவள் மறுப்பதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதனால்தான் பரிசோதனை கடுமையானது. கண்ணில் ஒளி பட்டும் பாவை சுருங்குவதில்லை, காதில் ஐஸ் நீர் விட்டும் கண் அசைவதில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபின், வென்டிலேட்டரைப் பிரித்து ஆக்சிஜனை மட்டும் கொடுக்கிறார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். மூளைத்தண்டில் சிறிது உயிர் இருந்தாலும் அது மூச்சை இழுக்க வைத்துவிடும். கோமாவில் இருப்பவருக்கும் மூளைத்தண்டு வேலைசெய்வதுண்டு. அவர் மீண்டு வரலாம். மூளைச்சாவில் ஒரு மூச்சும் வராது. குறைந்தது 6 மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். 4 மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும்.

சாவின் இந்த எல்லையையே கடக்கப் பார்த்தது 2016இல் ஒரு திட்டம். உத்தராகண்டின் ருத்ரபூரில், அமெரிக்காவின் பயோகுவார்க் நிறுவனமும் இந்தியாவின் ரெவிட்டா லைஃப் சயின்சஸும் சேர்ந்து, மூளைச்சாவு அடைந்த 20 பேருக்கு ஸ்டெம் செல், பெப்டைடு, லேசர், நரம்புத் தூண்டல் ஆகியவற்றைக் கொடுக்கப் போவதாக அறிவித்தன. உலகமே திரும்பிப் பார்த்தது. மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி இல்லாததைக் காரணம் காட்டி, அந்த நவம்பரில் நாட்டின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலிருந்து அது நீக்கப்பட்டது. நீக்கியது சரி என்றே நினைக்கிறேன். அனுமதி ஒருபுறம் இருக்கட்டும். அரைகுறையாக வெற்றி பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூச்சு மட்டும் திரும்பி, நினைவு திரும்பாத ஒருவருக்காக அவர் குடும்பம் ஆயுள் முழுக்கக் காத்திருக்கும்.

உண்மையான வியப்பு 2019இல் யேல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. நெனாத் செஸ்தானின் குழு, இறைச்சிக்கூடத்திலிருந்து பெற்ற 32 பன்றி மூளைகளுக்கு, இறந்து 4 மணி நேரம் கழித்து ஒரு திரவத்தை 6 மணி நேரம் செலுத்தியது. ரத்தக் குழாய்கள் இயங்கின. செல்கள் சர்க்கரையை எடுத்துக்கொண்டன. உணர்வு திரும்பினால் அது கொடுமை என்று நரம்புச் செயலைத் தடுக்கும் மருந்தையும் கலந்திருந்தார்கள். மயக்க மருந்தும் தயாராக இருந்தது. உணர்வைக் காட்டும் மின்னலைகள் எழவில்லை. செல் சாகும் வேகம் நாம் நினைத்ததைவிடக் குறைவு என்று அந்தச் சோதனை காட்டியது. செல் பிழைப்பது வேறு, ஆள் எழுந்து வருவது வேறு. முறையாகப் பரிசோதித்து மூளைச்சாவு உறுதிசெய்யப்பட்டவரை மீட்கும் சிகிச்சை இன்றுவரை உலகில் எங்கும் இல்லை.

ஆகவே லம்பா லைனில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், உங்கள் வீட்டாரைப் பற்றி டாக்டர்கள் மூளைச்சாவு என்று சொன்னால், அதிசய மருந்து தேடி அலையாதீர்கள். மூச்சுப் பரிசோதனை இரண்டு முறையும் எத்தனை மணிக்கு நடந்தது, கையெழுத்திட்டவர்கள் யார் என்று கேளுங்கள். உறுப்பு தானம் கேட்கப்படும் இடத்தில் படிவம் 10இல் அவை எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.