ஓட வேண்டாத ஓர் ஆட்டம்

சிறு குறிகுண்டு ஒன்றைத் தரையில் உருட்டிவிட்டு, அதற்கு மிக அருகில் தத்தம் பெரிய குண்டுகளைச் சேர்க்க இரு அணிகள் முயலும் ஆட்டம், இத்தாலியில் போச்சே என்றும் பிரான்சில் பெத்தாங் என்றும் இருவேறு வடிவங்களில் வளர்ந்து, இன்று பல நாடுகளில் பூங்காக்களிலும் குடும்ப விருந்துகளிலும் ஆடப்படுகிறது. தமிழர்க்கு இது புதிதன்று. பிரெஞ்சு நிர்வாகம் 1954-இல் கைமாறிய பின்னரும் புதுச்சேரியில் பெத்தாங் நின்றுவிடாமல் இன்றளவும் ஆடப்பட்டு வருகிறது.

போச்சேயில் குண்டைத் தாழ்வாக உருட்டிவிடுவதே பெரும்பான்மை வழக்கம். பெத்தாங்கிலோ தரையில் வரைந்த சிறு வட்டத்துக்குள் இரு கால்களையும் ஊன்றி நின்றபடியே எறிய வேண்டும். மார்செய் நகருக்கு அருகிலுள்ள லா சியோத்தாவில், மூட்டுவாதத்தால் ஓடிவந்து எறிய இயலாமற்போன ழூல் லெனுவார் என்னும் ஆட்டக்காரருக்காக ஏற்பட்ட இவ்விதியே தனி ஆட்டமாக வளர்ந்தது. தளர்ந்தவரை ஒதுக்காமல் விதியை மாற்றிக்கொண்டதில்தான் இவ்வாட்டத்தின் பெருமை அடங்கியிருக்கிறது.

குறிகுண்டு 6 முதல் 10 மீட்டர் தொலைவில் விழுமாறு எறியப்பட்டதும், அதை எறிந்த அணியே தன் முதற் குண்டையும் எறிகிறது. அடுத்து எதிரணி எறிந்தபின், எந்த அணியின் குண்டு குறியிலிருந்து விலகியிருக்கிறதோ, அந்த அணியே நெருங்கும்வரையோ கையிலுள்ள குண்டுகள் தீரும்வரையோ தொடர்ந்து எறிகிறது. எல்லாம் எறிந்து முடிந்தபின், எதிரணியின் மிக நெருங்கிய குண்டைக் காட்டிலும் குறிக்கு அருகில் கிடக்கும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி சேர, முதலில் 13 புள்ளி எட்டிய அணி வெல்கிறது. கண்ணளவில் ஐயம் எழுந்தால் அளவுநாடா தீர்ப்புச் சொல்லும்.

650 முதல் 800 கிராம் வரை எடையுள்ள எஃகுக் குண்டை, புறங்கை மேலே தெரியப் பிடித்து எறிந்தால், விரல் நுனியிலிருந்து விடுபடும்போது அது பின்னோக்கிச் சுழன்று, தரையில் விழுந்தபின் அதிகம் உருளாமல் நின்றுவிடும். அதனால் தேர்ந்தவர் குறியை மட்டும் பாராமல், குண்டு முதலில் விழ வேண்டிய இடத்தையும், அங்குள்ள சரளை, மேடு, சரிவு ஆகியவற்றையும் நோட்டமிடுகின்றனர். நெருக்கமாகச் சேர்ப்பது ஒரு திறன். எதிரணியின் குண்டை மோதி விலக்குவது மற்றொன்று.

கார்த்திகை பிரம்மோற்சவத்தையொட்டியோ திருமணத்தையொட்டியோ உறவினர் கூடும் திருச்சானூர் போன்ற ஊர்களில், நண்பகல் வெயில் தணிந்தபின் வீட்டருகே உள்ள வெறும் மண்தரையே இதற்குப் போதுமானது. சிறுவர்க்கும் முதியோர்க்கும் இலேசான குண்டுகளைக் கொடுத்துத் தொலைவைக் குறைத்துக்கொள்ளலாம். எறியும் வழியில் எவரும் நிற்காதவாறு பார்த்துக்கொள்வது மட்டும் கட்டாயம். அறிவுசார் குறைபாடுடையோருக்கான சிறப்பு ஒலிம்பிக்கில் போச்சே இடம்பெற்றிருப்பதும், பலதரப்பட்டோரும் இதில் பங்கேற்க முடியும் என்பதைக் காட்டுகிறது. பாட்டியும் பேரனும் ஒரே அணியில் நின்று, இருவருமே வெற்றிக்குப் பங்களிக்கக்கூடிய ஆட்டங்கள் மிகச் சிலவே என்பதால், இது நம் குடும்ப விழாக்களிலும் இடம்பெறத் தக்கதாகும்.