விருந்தினனும் நோயாளியும்: ஒரு பிரெஞ்சுச் சொல்லின் கதை

பிரான்சுக்கு வந்த நம்மவர் நாவில் முதலிற் பழகிய சொற்களுள் 'ஒப்பித்தால்' ஒன்றாகும். வைத்தியசாலை என்றே அதற்கு நாம் பொருள் கொள்கிறோம். ஆயின் அதன் பிறப்பை ஆராயுமிடத்து, நோயையும் மருந்தையும் அங்கே காணோம். வழிப்போக்கனையும் அவனுக்குத் திறந்த கதவையுமே காண்கிறோம்.

'ஹொஸ்பெஸ்' எனும் இலத்தீன் சொல்லே இதன் மூலம். விருந்தினன், விருந்தளிப்பவன் ஆகிய இருவரையும் அது குறித்தது. அதன் வழிவந்த 'ஓத்' எனும் பிரெஞ்சுச் சொல் இன்றும் அவ்விரு பொருளையும் தாங்கி நிற்கிறது. விருந்தினரைத் தங்கவைக்கும் இடம் 'ஹொஸ்பித்தாலே' எனப்பட்டது. 'ஒப்பித்தால்', 'ஓத்தேல்' ஆகிய இரண்டும் அதிலிருந்து கிளைத்தவையே. இச்சொற்களில் 'ஓ' எழுத்தின்மேல் கூரைபோல் அமைந்த குறி, மறைந்துபோன 'எஸ்' எழுத்தின் அடையாளமாகும். விருந்தோம்பலைக் குறிக்கும் 'ஒஸ்பித்தாலித்தே' எனும் சொல்லில் அவ்வெழுத்து இன்றும் ஒலிக்கிறது.

651ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதென மரபு கூறும் பாரிஸ் 'ஓத்தேல் தியூ', அதாவது இறைவனின் இல்லம், நோயாளரோடு ஏழைகளையும் யாத்திரிகரையும் ஏற்றது. நூறாண்டுப் போரின் அழிவுகளிடையே, 1443இல் நிக்கொலா ரொலன் போன் நகரில் வறியோருக்காக இத்தகைய இல்லமொன்றை நிறுவினார்.

எனினும் இச்சொல்லுக்கு இருண்ட முகமும் உண்டு. 1656இல் பதினான்காம் லூயி மன்னரின் ஆணையால் 'ஒப்பித்தால் ஜெனரால்' தோன்றியது. பாரிசின் இரவலரையும் வறியோரையும் அடைத்துவைப்பதே அதன் நோக்கம். வரவேற்பின் பெயரே சிறையின் பெயருமாயிற்று.

இதில் வியப்பில்லை. 'ஹொஸ்பெஸ்' என்பதற்கு உறவான 'ஹொஸ்தீஸ்' எனும் சொல் தொடக்கத்தில் அந்நியனைக் குறித்து, பின்னர் பகைவனைக் குறிக்கலாயிற்று. பகைமையைச் சுட்டும் 'ஒஸ்தீல்' அதன் வழித்தோன்றலே. வாசலில் நிற்கும் அந்நியன் விருந்தினனா, பகைவனா என்ற கேள்வி இச்சொற்குடும்பத்தினுள்ளேயே உறைந்துள்ளது. அகதிகளாகிய நாம் ஒவ்வோர் அலுவலக வாசலிலும் எதிர்கொள்ளும் கேள்வியும் இதுவேயன்றோ! நம் மொழியிலோ 'விருந்து' என்பதற்குப் புதுமையென்பதே அடிப்படைப் பொருள். புதியவராய் வந்தவரே விருந்தினர்.

சொல்லின் பழம்பொருள் முற்றாக அழிந்துவிடவில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பொது வைத்தியசாலைகளில் 'பாஸ்' எனும் பிரிவுகள் அமைந்தன. மருத்துவக் காப்புறுதி இன்னும் கிட்டாதோர் அங்கு மருத்துவரைக் காணலாம். சமூகப் பணியாளரின் உதவியையும் பெறலாம். புதிதாக வந்துள்ள நம்மவர் நோயை மறைத்து அறைக்குள் முடங்காது, இவ்வாசலைத் தயங்காமல் நாடுதல் வேண்டும். அவ்வில்லம் தொடக்கத்தில் எழுந்ததே வழிப்போக்கருக்காகத்தான்.