சலுகை விலை டிக்கெட்: எடுக்கும் முன் கவனியுங்கள்



உம்ராவுக்கும் வளைகுடா வேலைக்கும் செல்வோர் விமானக் கட்டணச் சலுகைகள் பற்றி நம் அலுவலகத்தில் அடிக்கடி விசாரிக்கிறார்கள். சில விவரங்கள் இதோ.

சலுகைக்கு இரண்டு கெடுக்கள் உண்டு: டிக்கெட் எடுக்கும் நாட்கள் ஒன்று, பயணம் செய்யும் நாட்கள் மற்றொன்று. ரமளானின் கடைசிப் பத்து, பெருநாள், பள்ளி விடுமுறை ஆகியவை பெரும்பாலும் சலுகையில் சேராது.

ஒரே விமானத்தில் இருக்கைகள் பல விலைகளில் விற்கப்படுகின்றன. குறைந்த விலையில் மூன்று இருக்கைகளே மீதமிருக்க, நால்வருக்குச் சேர்த்துத் தேடினால், பொதுவாக நால்வருக்குமே கூடிய விலைதான் காட்டும். ஆகவே ஒருவருக்கு, இருவருக்கு என்றும் தேடிப் பாருங்கள்.

பெட்டிக்கு எத்தனை கிலோ என்பதையும் பாருங்கள். தனித்தனி டிக்கெட்டில் விமானம் மாறுவோர், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் நஷ்டம் பெரும்பாலும் நம்முடையதே.

முக்கியமானது: 'பணம் திரும்பாது' என்ற சலுகை டிக்கெட்டை ரத்து செய்தாலும், பயணம் போகாமல் விட்டாலும், இந்திய விமான நிறுவனங்கள் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். இது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. வீட்டில் மவ்த்தாகிப் பயணம் நின்றவர்கள்கூட இதைக் கேட்காமல் விடுகிறார்கள். கேளுங்கள், அது உங்கள் ஹக். எழுதத் தெரியாதோர் அஸருக்குப் பின் வந்தால், இன்ஷா அல்லாஹ், மனு எழுதித் தருகிறோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்