பாஸ்போர்ட் இல்லாமல் பார்த்த தலைநகர்

காட்மாண்டுவில் மாணவர் கழித்த மூன்று நாட்கள்

வெளிநாட்டுத் தலைநகர் ஒன்றைப் பார்ப்பதென்றால் பாஸ்போர்ட், விசா, கட்டுக்கட்டாகப் பணம் எல்லாம் வேண்டும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். நேபாளத்தின் தலைநகரான காட்மாண்டுவுக்கு இவை தேவையில்லை. இந்தியக் குடிமக்களுக்கு அங்கே விசா கிடையாது. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டினால் போதும்.

பெங்களூர் அல்சூரைச் சேர்ந்த தமிழ் மாணவர் ஒருவர் இப்படித்தான் புறப்பட்டார். சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிப்பவர். டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. "பூகம்பம் வந்த ஊராயிற்றே!" என்று தாயார் தயங்கினார். "அதனால்தான் போகிறேன், அம்மா" என்றார் மகன்.

பாட்னா வரை ரயில். பிறகு பீகாரின் எல்லை ஊரான ரக்ஸால். எல்லையைத் தாண்டினால் நேபாளத்தின் பீர்கஞ்ச். அங்கிருந்து காட்மாண்டுவுக்கு மலைப்பாதையில் பஸ். நேபாளத்தில் கைக்கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 ரூபாய். 1993 முதல் இந்த விகிதம் மாறவில்லை.

கர்நாடக அர்ச்சகர்கள்

முதல் நாள் பசுபதிநாதர் கோயில். பாக்மதி ஆற்றங்கரையில் உள்ள இக்கோயிலின் மூலஸ்தானத்தில் பூஜை செய்பவர்கள் கர்நாடகத்திலிருந்து செல்லும் பட்டர்கள். இது பரம்பரை வழக்கம். 2009-ம் ஆண்டுத் தொடக்கத்தில் நேபாள அரசு உள்நாட்டு அர்ச்சகர்களை நியமித்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது, அரசு பின்வாங்கியது. கர்நாடகத்திலிருந்து சென்ற மாணவருக்கு அந்தச் சந்நிதியில் அந்நியம் தோன்றவில்லை.

கோயிலை ஒட்டிய படித்துறையில் சிதைகள் எரிகின்றன. 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன் ஏற்பட்ட பூகம்பத்தில் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். அப்போது இக்கரையில் இரவு பகலாகச் சிதைகள் எரிந்தன. கோயிலோ பெரிய சேதமின்றித் தப்பியது.

ஊருக்குப் பெயர் தந்த மண்டபம்

இரண்டாம் நாள் பழைய அரண்மனைச் சதுக்கம். இங்குள்ள காஷ்டமண்டபம் என்ற மர மண்டபத்தால்தான் நகருக்கே இந்தப் பெயர் வந்தது. ஒரே மரத்தை அறுத்துக் கட்டியது என்பது ஊர் நம்பிக்கை. பூகம்பத்தன்று உள்ளே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. மண்டபம் அப்படியே சரிந்தது. ரத்தம் கொடுக்க வந்தவர்களில் சிலர் உயிரையே கொடுத்தார்கள்.

மண்ணைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள் வியந்தனர். 12-ம் நூற்றாண்டுக் கட்டடம் என்று கருதப்பட்டதற்கு 7-ம் நூற்றாண்டு அஸ்திவாரம்! அது பூகம்பத்தில் சேதமடையவும் இல்லை. மேலே நின்ற நான்கு பெரிய தூண்களில் ஒன்று அடிக்கல்லோடு சரியாகப் பிணைக்கப்படாமல் இருந்தது தெரிய வந்தது. குறை பழைய கொத்தனாருடையது அல்ல. பின்னால் பழுது பார்த்தவர்களுடையது.

ஒப்பந்தக்காரரிடம் விட்டு, இரும்பும் சிமெண்டும் சேர்த்துக் கட்டும் யோசனை எழுந்தபோது உள்ளூர் மக்கள் ஒப்பவில்லை. முன்பிருந்தபடியே மரம், செங்கல், களிமண் கொண்டு கட்ட வேண்டும் என்று போராடினார்கள். அப்படியே கட்டி, 2022-ல் வேலை முடிந்தது.

சிறிது தூரத்தில் தரஹரா கோபுரம். 1826-ல் கட்டியது. 1934 பூகம்பத்தில் இடிந்தது, மீண்டும் எழுப்பினார்கள். 2015-ல் மறுபடி விழுந்தது. மேலே ஏறியிருந்த பலர் இறந்தனர். அதன் இடத்தில் கான்கிரீட்டில் 22 மாடிக் கோபுரத்தை அரசு கட்டியது. 2021-ல் திறப்பு விழா நடந்தது. பக்கத்திலேயே பழைய கோபுரத்தின் அடிப்பகுதி நிற்கிறது. ஒரே ஊரில், ஒரே நாளில் விழுந்த இரண்டு கட்டடங்கள். எழுந்த விதம் மட்டும் வேறு.

அசையாத ஐந்தடுக்கு

மூன்றாம் நாள், 13 கிலோமீட்டர் கிழக்கே பக்தபூர். 1702-ல் கட்டிய நியாதபோலா கோயில் ஐந்து அடுக்கு மேடைமேல் ஐந்து கூரைகளோடு ஓங்கி நிற்கிறது. படிகளின் இருபுறமும் மல்லர்கள், யானைகள், சிங்கங்கள். 1934, 2015 ஆகிய இரண்டு பூகம்பங்களையும் அது தாங்கிவிட்டது. சுற்றிலும் எத்தனையோ வீடுகள் மண்ணாயின.

மரக் கட்டடமெல்லாம் தாங்கும் என்றும் சொல்லிவிட முடியாது. காட்மாண்டுவிலும் பாட்டனிலும் பழைய மரக் கோயில்கள் பல விழுந்தன. உளுத்த உத்தரத்தை உரிய காலத்தில் மாற்றினார்களா, தூணின் அடியைக் குனிந்து பார்த்தார்களா என்பதே கேள்வி. புதிதாகக் கட்டுவதற்குப் பாடப் புத்தகம் இருக்கிறது. பழையதைப் பேணுவதற்கு ஊர் வேண்டும். இதுவே மாணவர் கண்டறிந்த பாடம்.

அவரைப் போல் புறப்படுவோருக்கு அக்டோபர், நவம்பர் மாதங்கள் ஏற்றவை. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரியும். தங்கும் விடுதிகள் மலிவு; சோறும் பருப்பும் எங்கும் கிடைக்கும். வாக்காளர் அட்டையை மட்டும் மறக்கக் கூடாது.