நான்காமவர் வந்தார், மூவர் காணாமற்போனார்கள்

கணினிப் பொறியியல் படித்தவர்களுக்கு ‘இன்ட்ரொடக்‌ஷன் டு அல்காரிதம்ஸ்’ புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செங்கல் கனத்தில் இருக்கும். 1990இல் முதல் பதிப்பு வந்தபோது அதற்கு ஆசிரியர்கள் மூவர்: தாமஸ் கார்மென், சார்லஸ் லைசர்சன், ரொனால்ட் ரிவெஸ்ட். 2001இல் வந்த இரண்டாம் பதிப்பில் கிளிஃபோர்ட் ஸ்டைன் சேர்ந்துகொண்டார். நால்வரின் முதலெழுத்துகளையும் கோத்து ‘சிஎல்ஆர்எஸ்’ என்றுதான் மாணவர்கள் அதைச் சொல்வார்கள்.

இந்தப் புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நூலகப் பதிவு அச்சாகியிருக்கும். முதல் பதிப்பின் பதிவில் மூன்று பெயரும் இருக்கின்றன. இரண்டாம் பதிப்பில் கார்மென் பெயர் மட்டும்தான். அதன் பிறகு மூன்று புள்ளி, சதுர அடைப்புக்குள் ‘மற்றும் பிறர்’ என்பதற்கான லத்தீன் சுருக்கம், அவ்வளவுதான். ஒருவர் கூடுதலாக வந்ததும் லைசர்சனும் ரிவெஸ்டும் காணாமற்போனார்கள், வந்தவரும் சேர்ந்து காணாமற்போனார். ரிவெஸ்ட் லேசுப்பட்ட ஆள் இல்லை. இணையப் பரிமாற்றங்களைப் பூட்டிக் காக்கும் ‘ஆர்எஸ்ஏ’ முறையின் முதல் எழுத்தே அவர்தான். 2002ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதும் பெற்றவர்.

யாரும் கவனக்குறைவாகச் செய்த வேலையில்லை இது. உலக நூலகங்கள் பலவும் பின்பற்றிய ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் 1978ஆம் ஆண்டுப் பதிப்பு அப்படித்தான் சொன்னது. ஆசிரியர்கள் மூவர் வரை இருந்தால் எல்லாப் பெயரையும் எழுது. முதலாமவர் பெயரில் முதன்மைப் பதிவு, மற்ற இருவருக்கும் துணைப் பதிவு. மூவரைத் தாண்டினால் முதலாமவர் பெயரை மட்டும் எழுது. முதன்மைப் பதிவையும் அவரிடமிருந்து எடுத்து நூலின் தலைப்புக்குக் கொடுத்துவிடு. நூலகர்கள் இதை ‘மூவர் விதி’ என்பார்கள்.

அதென்ன மூன்று? மர இழுப்பறைகளில் கார்டுகளை அடுக்கிவைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கார்டின் அளவு மூன்று அங்குலத்துக்கு ஐந்து அங்குலம். அதற்குள் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், அடுக்கு எண் எல்லாம் அடங்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் தனிக் கார்டு தட்டச்சு செய்து அகரவரிசையில் செருக வேண்டும். நால்வர் எழுதிய நூலுக்கு ஆசிரியர் கார்டு நான்கு, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு இரண்டு என்று போனால் ஒரே புத்தகத்துக்கு ஏழு கார்டு. வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் புத்தகம் வரும் நூலகத்தில் யார் உட்கார்ந்து தட்டுவது? எங்காவது ஒரு கோடு போட வேண்டியிருந்தது, மூன்றில் போட்டார்கள்.

நம்மூர் எஸ்.ஆர்.ரங்கநாதன் இன்னும் கறார். சீர்காழிக்காரரான அவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1934இல் வெளியிட்ட பட்டியல் விதித் தொகுப்பின்படி, இருவர் எழுதியிருந்தால் இரண்டு பெயரும் பதிவின் தலையில் ஏறும். மூன்றாமவர் வந்துவிட்டால் முதலாமவர் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டியலாக்கத்தில் இரண்டு வேலைகள் உண்டு. தலைப்புப் பக்கத்தில் இருப்பதை இருக்கிறபடி படியெடுப்பது ஒன்று. எந்தெந்தப் பெயரில் தேடினால் புத்தகம் அகப்பட வேண்டும் என்று முடிவுசெய்வது மற்றொன்று. முதல் வேலையில் பெயர் விடுபட்டால் மரியாதைக் குறைவு. இரண்டாவதில் விடுபட்டால், அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வருகிறவருக்கு அப்படி ஒரு புத்தகமே இல்லை. மூவர் விதி இரண்டிலும் கைவைத்தது.

கார்டுகள் ஒழிந்து கணினி வந்த பிறகும் விதி பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. கணினிப் பதிவில் நூறு என்ற எண்ணிட்ட புலம் முதன்மை ஆசிரியருக்கு. அதில் ஒருவருக்குத்தான் இடம். மற்றவர்களுக்கு எழுநூறு என்ற புலம். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். இடம் தாராளமாக இருந்தும் கோடு மட்டும் மூன்றிலேயே நின்றது. 2010இல் ‘ஆர்டிஏ’ என்ற புதிய விதித்தொகுப்பு வந்தபோதுதான் அது அழிந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013 மார்ச் 31 முதல் அதற்கு மாறியது. இப்போது தலைப்புப் பக்கத்தில் எத்தனை பெயர் இருந்தாலும் எழுதலாம். சுருக்க நினைத்தால் லத்தீன் கூடாது. ‘மேலும் ஆறு பேர்’ என்று படிப்பவருக்குப் புரியும் மொழியில், எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். அது நூலகர் சேர்த்த சொல் என்று தெரிவதற்காகச் சதுர அடைப்பு மட்டும் தொடர்கிறது.

ரொம்பப் புகழ்ந்துவிடவும் வேண்டாம். தேடுபெயர்களைப் பொறுத்தவரை இந்தப் புதிய தொகுப்பும் முதலாமவரைத்தான் கட்டாயமாக்கியது. மற்றவர்களைச் சேர்ப்பதை நூலகரின் விருப்பத்துக்கு விட்டது. வேலைப்பளு உள்ள இடத்தில் விருப்பம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு புத்தகத்தில் கைவைத்தவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள் ஆவதில்லை. சீவக சிந்தாமணியை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்றியவர் திருத்தக்கதேவர், உரை நச்சினார்க்கினியருடையது, ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் அச்சில் கொண்டுவந்தவர் உ.வே.சாமிநாதையர். முதன்மைப் பதிவு திருத்தக்கதேவர் பெயரில்தான். மற்ற இருவரும் பங்களிப்பாளர்கள் என்ற கணக்கில் வருவார்கள். ஒருவர் பெயரை அடுத்து ‘உரையாசிரியர்’ என்றும் மற்றவர் பெயரை அடுத்து ‘பதிப்பாசிரியர்’ என்றும் பொறுப்பைக் குறிக்கலாம். மொழிபெயர்ப்பாளருக்கும் ஓவியருக்கும் இதே வரிசைதான். பொறுப்பைக் குறிக்காமல் மூன்று பெயரையும் வெறுமனே அடுக்கினால், காப்பியத்தை மூவரும் கூட்டாக எழுதியதாகப் படும். பன்னிரண்டு பேரின் கதைகளைத் திரட்டிய நூலென்றால் முதன்மைப் பதிவு தலைப்புக்குப் போகும்; தொகுத்தவர் ஆசிரியர் ஆகமாட்டார், எவ்வளவு உழைத்திருந்தாலும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல், இனிஷியல். மேலைநாட்டார் பெயரில் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர் என்பதால் அதை முன்னே கொண்டுவருவார்கள். நமக்கு முன்னால் நிற்பது ஊரோ தகப்பன் பெயரோதான். அதனால் ‘ரங்கநாதன், எஸ்.ஆர்.’ என்று இயற்பெயரை முதலில் வைத்து, முன்னெழுத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஒரு பதிவில் ‘உ.வே.சா.’, இன்னொன்றில் ‘சாமிநாதையர், உ.வே.’, வேறொன்றில் ‘சுவாமிநாத ஐயர்’ என்று கிடந்தால் கணினி மூன்று ஆட்கள் என்றே எண்ணிக்கொள்ளும். ஒரு வடிவத்தை நிலையாக வைத்து மற்றவற்றை அதோடு இணைப்பதும் நூலகர் தலையில்தான்.

ஆகவே பழைய பதிவுகள் உள்ள நூலகத்தில் பலர் எழுதிய புத்தகத்தைத் தேடுகிறவர்கள் தலைப்பையோ முதல் ஆசிரியர் பெயரையோ கொடுத்துப் பாருங்கள். இரண்டாமவர் பெயரில் அகப்படவில்லை என்பதற்காகத் திரும்பிவிடாதீர்கள். புத்தகம் போடுகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நூலகர் முதலில் நம்புவது தலைப்புப் பக்கத்தை. அட்டை அதற்குப் பிறகுதான். மொழிபெயர்த்தவர், தொகுத்தவர், படம் வரைந்தவர் பெயர்களை முன்னுரையின் கடைசி நன்றி வரியில் ஒதுக்கிவிடாமல், இன்னார் இன்னது செய்தார் என்று தலைப்புப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.