9 கேட்டதற்கு 18 கொடுத்தால்...

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க இளைஞர்கள் நடத்திய மெல்லிசை நிகழ்ச்சி உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு நான்கு நாள் முன்பு எங்கள் மாதுங்கா வீட்டில் நடந்ததை இங்கே சொல்கிறேன். அடாப்டர் இல்லாத வீடு இன்று ஏது? எல்லோருக்கும் பயன்படும்.

என் மகன் கித்தார் வாசிப்பவன். ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் ‘ஓவர்டிரைவ்’ பெடல் ஒன்று வாங்கியிருந்தான். கையகல அலுமினியப் பெட்டி. கித்தாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைத்துக் காலால் மிதித்தால் ஒலி கனத்துக் கரகரக்கும். “இந்தக் கரகரப்புக்கா இவ்வளவு பணம்?” என்று நான் கேட்டதுண்டு. அதனால்தானோ என்னவோ, அது பழுதானதை இரண்டு நாள் என்னிடம் மறைத்துவிட்டான். “பிள்ளை சரியாவே சாப்பிடலை, என்னன்னு கேளுங்க” என்று என் மனைவிதான் சொன்னாள்.

“திட்ட மாட்டேன். நடந்ததை ஒண்ணு விடாம சொல்லு” என்றேன்.

“ஒத்திகையில இருட்டா இருந்துதுப்பா. பவர் சப்ளையில 9 வோல்ட்டுன்னு நெனச்சு 18ல செருகிட்டேன். கருகின வாசனை வந்துது. அப்புறம் மூணு தடவை போட்டுப் பார்த்தேன்.”

முதல் தடவை செருகியது கவனக்குறைவு. எல்லா வோல்ட்டுக்கும் ஒரே அளவு பின் இருந்தால் யாருக்கும் நேரும். கருகிய பிறகு மூன்று தடவை போட்டதுதான் பெரிய தவறு. பிழைத்திருந்த பாகங்களையும் அது சாகடிக்கும்.

மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். மல்டிமீட்டரைத் தூசு தட்டி எடுத்தேன். பெடலை மிதிக்காத நிலையில் கித்தார் ஒலி தடையின்றிப் போயிற்று. ஆகவே ஜாக், சுவிட்ச், ஒயர் எல்லாம் சரி. மின்சாரம் கொடுக்காமல், சப்ளை வரும் இரு முனைகளுக்கிடையே ஓம் அளந்தேன். சில ஓம்தான் காட்டியது. உள்ளே ஷார்ட்!

பாதுகாப்பு டயோடின் ஒரு காலைக் கழற்றிச் சோதித்தேன். அது நன்றாகவே இருந்தது. அந்த டயோடு பிளஸ், மைனஸ் மாறினால் மட்டுமே காப்பாற்றும். அதிக வோல்ட்டைத் தடுக்காது. அடுத்து 7660 என்ற எட்டுக்கால் ஐ.சி.யைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கினேன். ஷார்ட் மறைந்தது. குற்றவாளி அகப்பட்டான்!

இதில் ஒரு வேடிக்கை. அந்த ஐ.சி.யின் வேலையே 9 வோல்ட்டை 18 ஆக்குவதுதான். ஆனால் அதன் வாசலில் 10.5க்கு மேல் தாங்காது. அது தயாரிக்கும் 18ஐ வாங்கிக்கொள்ளும் டி.எல்.072 ஐ.சி.யோ 36 வோல்ட் வரை தாங்கும், அது பிழைத்திருந்தது.

மறுநாள் மாதுங்கா ரோடு ஸ்டேஷனில் லோக்கல் ஏறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் ரோடில் புது ஐ.சி. வாங்கினோம். 16 வோல்ட் கெபாசிட்டருக்குப் பதில் 25 வோல்ட்டில் ஒன்றும் வாங்கினோம். சால்டரிங் அவன் கையாலேயே செய்தான். முதலில் 9 வோல்ட் பாட்டரியுடன் 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்துக் கொடுத்தோம். இன்னும் ஷார்ட் இருந்தாலும் 90 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. மீட்டர் 17 வோல்ட் அளவு காட்டியதும் பையன் முகத்தில் வெளிச்சம்!

வாசகர்களே, எந்த அடாப்டரையும் செருகுமுன் அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஏ.சி.யா டி.சி.யா, எத்தனை வோல்ட் என்பவை கருவி கேட்பதோடு ஒத்திருக்க வேண்டும். நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்றும் பாருங்கள். பெரும்பாலான கித்தார் பெடல்களுக்கு நடுமுனை மைனஸ். வீட்டு இன்டர்நெட் ரூட்டருக்குப் பெரும்பாலும் பிளஸ். ஆம்பியர் மட்டும் அதிகமாக இருக்கலாம், குறையக்கூடாது. எங்கள் வீட்டில் அந்த 18 வோல்ட் துவாரத்தின் மேல் இப்போது சிவப்பு டேப்.

விழாவன்று பெடல் கரகரத்தது. பக்கத்து நாற்காலி மாமி கவலையோடு, “ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா?” என்றார்.

“இல்லை மாமி, இப்பத்தான் சரியாச்சு” என்றேன்.